பொன்னாடைக்குள் போன ஆமை

நாவல்குளத்தில் சிங்காரம் என்று ஓர் ஆமை இருந்தது. அதற்கு மதகில் உத்தியோகம். குளத்தில் தண்ணீர் ஏறினால் மிச்சத் தண்ணீர் வெளியே போக ஒரு வாய் வேண்டுமல்லவா? அதுதான் மதகு. ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து வந்து அந்த வாயை அடைத்துக்கொள்ளும். சிங்காரம் அதன் தண்டுகளைக் கடித்து அறுத்து வழியைத் திறந்துவிடும். வெயிலானாலும் மழையானாலும் அதே வேலை.

நாவல்குளத்தைச் சும்மா ஒரு குளம் என்று நினைத்துவிடாதீர்கள். அது நகராட்சி ஆகிவிட்ட குளம். கரையில் நிற்கும் நாவல் மரத்தடியில் நகர்மன்றம் கூடும். நகர்மன்றத் தலைவர் உடும்பு. ஒரு தடவை நாற்காலியைப் பிடித்தது, அப்புறம் விடவில்லை. தேர்தல் வரும், போகும். நாற்காலியோடு சேர்த்து உடும்பையும் தூக்கிப் போட யாருக்கும் தெம்பு இல்லை. ஆகவே அதுவே தலைவராக இருந்தது.

சிங்காரம் நல்ல வேலைக்கார ஆமை. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். ஆனால் அதன் மனசுக்குள் ஓர் ஆசை கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. பொன்னாடை ஆசை.

ஆண்டுதோறும் நகர்மன்றம் சிறந்த ஊழியரைத் தேர்ந்தெடுத்துப் பொன்னாடை போர்த்தும். தூக்கணாங்குருவி கோரைப்புல்லில் நெய்த பொன்னாடை. சரிகைக்குப் பதில் ஓரத்தில் வைக்கோல். கெட்டியாகக் கஞ்சி போட்டுக் காயவைத்திருக்கும். தரையில் வைத்தால் தானாக நிற்கும், அவ்வளவு விறைப்பு. ஓர் ஆண்டு குப்பை அள்ளும் காகத்துக்குப் போர்த்தினார்கள். அடுத்த ஆண்டு தெருவிளக்கு மின்மினிக்குப் போர்த்தினார்கள். மின்மினி பொன்னாடைக்கு அடியில் மாட்டிக்கொண்டதில் ஊர் கொஞ்ச நாள் இருட்டில் கிடந்தது. ஆனாலும் விழா பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

சிங்காரத்தின் ஆசைக்கு எண்ணெய் ஊற்றியது அதன் மச்சான் தாண்டவராயன். பக்கத்துப் பெரிய ஏரியில் வாசம். ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை. ஆனால் அதற்கும் ஒரு பொன்னாடை கிடைத்திருந்தது. எல்லா விழாவுக்கும் தவறாமல் வந்து கைதட்டியதற்காகப் பெரிய ஏரியில் போர்த்தினார்களாம். தங்கையைப் பார்க்க வரும்போதெல்லாம் அதைச் சுருட்டிக்கொண்டு வரும், விரித்து அதன்மேல் உட்காரும். அப்புறம் ஒன்றும் தெரியாததுபோல், உங்க ஊர்ல இதெல்லாம் கொடுக்கிறதில்லையா மச்சான் என்று கேட்கும். சிங்காரத்துக்கு வயிறு எரியும்.

அந்த ஆண்டு சிங்காரத்தின் பெயர் வந்தேவிட்டது.

விழா சித்திரையில் நடந்திருக்க வேண்டியது. சிறப்பு விருந்தினராக வர ஒப்புக்கொண்ட பெரிய ஏரிக் கொக்குக்குத் தேதி ஒத்துவரவில்லை. ஊரெல்லாம் விழாக்களில் ஒற்றைக்காலில் நின்று பேசுகிற கொக்கு அது. தள்ளிப் போட்டு, தள்ளிப் போட்டு, கடைசியில் ஐப்பசி மாதம் நட்டநடு மழைக்காலத்தில் நாள் குறித்தார்கள். மதகுக்காரனுக்கு ஐப்பசியில் விழா வைப்பது, முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளையைக் கடைக்கு அனுப்புவது மாதிரி. இதை யாராவது யோசித்தார்களா? யோசிப்பதற்கு என்று நகர்மன்றத்தில் தனிக்குழு இருந்தது. அந்தக் குழு இன்னும் கூடவில்லை.

இந்த நேரத்தில் சிங்காரத்தின் வீட்டில் ஒரு விசேஷம். அதன் மனைவி பூங்காவனம் கரைக்கு வெளிச்சரிவில், மணல் பதமாக இருந்த இடத்தில் முட்டையிட்டு மூடியிருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ குஞ்சு வெளியே வரும். கரை உடைந்தால் தண்ணீர் முதலில் பாய்கிற இடமும் அதே சரிவுதான். மதகு திறந்திருக்கும்வரை கரை உடையாது என்ற தைரியத்தில் போட்ட முட்டைகள் அவை. மதகைப் பார்த்துக்கொள்வது யார்? வீட்டுக்காரர் ஆயிற்றே!

விழா அன்று காலையில் வானம் மூடிக்கொண்டு வந்தது. மதகை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேடைக்குப் போங்கள் என்று பூங்காவனம் சொன்னது. சிங்காரம் அப்போதுதான் ஓட்டைத் தேய்த்துக் கழுவி, புங்க எண்ணெய் தடவி மினுமினுக்க வைத்திருந்தது. மதகில் இறங்கினால் சேறு அப்பிக்கொள்ளும்.

"விழா முடிஞ்சதும் ஓடிப் போய்ப் பாத்துடறேன், போ!" என்றது.

ஆமை ஓடுமா? பூங்காவனம் முட்டைகளைப் பார்க்கக் கரைச்சரிவுக்குப் போயிற்று.

நாவல் மரத்தடியில் கூட்டம் நிரம்பி வழிந்தது. முடிவில் பொரிகடலை உண்டு என்று அறிவித்திருந்தார்கள். முன்வரிசையில் தாண்டவராயன் தன் பொன்னாடையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தது. மேடையின் நடுவில் சிங்காரத்தை உட்கார வைத்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு தவளை விழாவைத் தொகுத்து வழங்க ஆரம்பித்தது.

நாவல்குளத்து விழாக்களில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் ஒரு பொன்னாடை போர்த்தினால் துணைத்தலைவரும் போர்த்த வேண்டும். துணைத்தலைவர் போர்த்தினால் வார்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் போர்த்த வேண்டும். விட்டுப்போனவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர்கள் போகமாட்டார்கள். போர்த்தியதை விழா முடியும்வரை எடுக்கவும் கூடாது. முன்பு ஓர் அணில் வியர்க்கிறதே என்று ஒன்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டது. அதைப் போர்த்திய பெருச்சாளி, நான் போட்டது மட்டும் கனக்கிறதா என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, மழைக்காலம் முழுக்க நகர்மன்றத்தின் பக்கமே வரவில்லை.

அது மட்டுமா? படம் எடுக்க வேண்டுமே! மரங்கொத்திதான் படக்காரர். பொன்னாடையைப் பாதி போர்த்திய நிலையில் போர்த்துகிறவரும் போர்த்திக்கொள்கிறவரும் பல்லைக் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். மரங்கொத்தி அந்தக் காட்சியை நாவல் மரத்தில் டொக்டொக்கென்று கொத்தி முடிக்கும்வரை நிற்க வேண்டும். நடுவில் யாராவது தும்மினால் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

தலைவர் உடும்பு போர்த்தியது. சிங்காரத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓரக்கண்ணால் மச்சானைப் பார்த்தது. தாண்டவராயன் வலிக்க வலிக்கக் கைதட்டிக்கொண்டிருந்தது. ஆகா, இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தோம் என்று சிங்காரத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துணைத்தலைவர் கீரி போர்த்தியது. காட்டுப்பன்றி போர்த்தியது. முயல் போர்த்தியது. ஓணான் போர்த்தும்போது தலையை ஆட்டிவிட்டதால் மரங்கொத்தி திரும்பத் திரும்பக் கொத்த வேண்டியதாயிற்று.

பொன்னாடைகள் குவிந்துகொண்டே போயின. சிங்காரத்தின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. அந்த மூக்கின் முன்னால் தட்டான்கள் தாழப் பறந்தன. மேடைக் காலில் எறும்புகள் தங்கள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேலே மேலே ஏறின. எறும்பு முட்டையைத் தூக்கினால் மழை வரும் என்பது குளத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். சிங்காரத்துக்கும் முட்டைகள் இருக்கின்றனவே!

மெதுவாகப் பக்கத்தில் இருந்த தலைவரைக் கூப்பிட்டது. "ஐயா, மழை வரும்போல இருக்கு. மதகு அடைப்பை எடுக்கணும். ஒரு எட்டுப் போய்ட்டு வந்துடறேன்."

உடும்பு சிரித்த முகம் மாறாமல் பல்லைக் கடித்தது. "மதகைக் கண்ணுபோலக் காப்பாத்தறவன்னு உன்னைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம். அந்த நேரம் பாத்து நீ எழுந்து மதகுக்குப் போனா, பேசறவங்களுக்கு அவமரியாதை இல்லையா?"

சிங்காரம் யோசித்தது. தலைவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோல் தோன்றியது. அந்தச் சமயம் பார்த்து, அடுத்ததாகச் சிங்காரம் ஐயாவின் பெருமைகளைப் பற்றிச் சிறப்பு விருந்தினர் பேசுவார், அவர் வந்துகொண்டே இருக்கிறார் என்று தவளை அறிவித்தது. மச்சானின் முகம் கொஞ்சம் கறுத்தது. அது இன்னும் கறுப்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சிங்காரம் உட்கார்ந்துவிட்டது. பெருச்சாளி வந்து ஒன்று போர்த்தியது. இப்போது மூக்கும் மறைந்துவிட்டது.

இடி இடித்தது. மழை கொட்டோகொட்டென்று கொட்டியது. மேடைக்கு ஓலைப்பந்தல் இருந்தது, கூட்டத்துக்கு நாவல் மரம் இருந்தது, எல்லோருக்கும் பொரிகடலை பாக்கி இருந்தது. ஒருவரும் அசையவில்லை. பூங்காவனம் மட்டும் கரைச்சரிவிலிருந்து மூச்சு வாங்க வந்து மேடையின் பின்பக்கம் நின்றது. பொன்னாடைக் குவியலின் அடியில் வாயை வைத்தது.

"ஏங்க, தண்ணி கரை விளிம்பைத் தொட்டாச்சு. உங்களுக்குப் பொன்னாடை வேணுமா, புள்ளைங்க வேணுமா?"

இதைக் கேட்ட பிறகும் உட்கார்ந்திருந்தால் அது ஆமையா, பாறாங்கல்லா? சிங்காரத்துக்கு வெட்கமும் பயமும் ஒன்றாகப் பொங்கின. தலையை உள்ளே இழுத்தது. பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து குவியலுக்கு அடியிலிருந்து வழுக்கி, மேடையிலிருந்து தொப்பென்று சேற்றில் விழுந்தது. கஞ்சி போட்ட பொன்னாடைகள் அப்படியே நின்றன. உள்ளே ஆள் இல்லை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த நேரம்தான் கொக்கு வந்து இறங்கியது, எல்லோர் கண்ணும் அங்கே இருந்தது.

மதகு வாயில் ஆகாயத்தாமரை மெத்தைபோல் அடைத்துக் கிடந்தது. சிங்காரம் உள்ளே பாய்ந்தது. கடித்தது, அறுத்தது, இழுத்தது. புங்க எண்ணெய் போன இடம் தெரியவில்லை. தாடை கழன்றுவிடும்போல் வலித்தது. கரைச்சரிவில் பூங்காவனம் முட்டைகளின் மேல் தன் உடம்பைப் போட்டு அணைத்துக்கொண்டு கிடந்தது. கடைசித் தண்டும் அறுந்தபோது தண்ணீர் பேரிரைச்சலோடு மதகு வழியே ஓடியது. கரை தப்பித்தது. முட்டைகளும் தப்பித்தன.

சிங்காரம் நிம்மதியாக மூச்சு விட்டது. விழாவின் நினைவு வந்தது. இன்னும் கொக்கு பேசியிருக்காது, போய் உட்கார்ந்துவிடலாம் என்று மேடைக்குத் திரும்பியது.

கொக்கு பேசிக்கொண்டுதான் இருந்தது. குவியலைக் காட்டி உருகிக்கொண்டிருந்தது. எத்தனையோ விழா பார்த்திருக்கிறேன், இப்படி ஓர் அடக்கத்தைப் பார்த்ததில்லை, இடி இடித்தபோதுகூட இவர் தலையைத் தூக்கவில்லை பாருங்கள் என்றது. கூட்டம் கைதட்டியது.

பந்தல் வாசலில் காவலுக்கு நின்ற முள்ளம்பன்றி சிங்காரத்தை மறித்தது. சேறும் சகதியுமாக உள்ளே போகக் கூடாது என்றது.

"நான்தாம்பா சிங்காரம்! எனக்குத்தான் விழா!"

"சிங்காரம் ஐயா மேடையில இருக்காரு. நீ யாரு?"

சிங்காரம் மச்சானைக் கூப்பிட்டது. தாண்டவராயன் திரும்பிப் பார்த்தது. சேற்றுக்குள் இருப்பது யார் என்று அதற்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இவ்வளவு நேரமும் சுற்றியிருந்தவர்களிடம், மேடையில் இருப்பவர் என் தங்கை வீட்டுக்காரர், எங்கள் குடும்பமே இப்படித்தான் என்று பெருமையடித்து வைத்திருந்தது. இப்போது மாற்றிச் சொன்னால் யார் மதிப்பார்கள்? "என் மச்சான் மேடையில இருக்காரு. இது யாரோ என்னவோ" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கூச்சலைக் கேட்டு உடும்பு நாற்காலியை இழுத்துக்கொண்டே வந்தது. சிங்காரத்தை ஏற இறங்கப் பார்த்தது. திரும்பிப் போய்க் குவியலின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தது. உள்ளே காற்றுதான் இருந்தது. உடும்பு ஓரத்தைப் பழையபடி விட்டு, ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்தது. அப்புறம் சிங்காரத்தின் காதோரம் குனிந்தது.

"மரத்துல கொத்தியாச்சு. சிறப்பு விருந்தினர் பேசியாச்சு. மதகுக் கண்காணிப்பாளராப் பதவி உயர்வு கொடுத்துத் தீர்மானமும் போட்டாச்சு. இப்ப உள்ள ஒண்ணுமில்லைன்னு சொன்னா நகர்மன்றத்தோட மானம் என்னாகும்? நீ கொஞ்ச நாளைக்கு வேற யாராவதா இரு."

அன்று முதல் சிங்காரம் வேறு யாராகவோ இருந்தது. பதிலி என்று பெயர் வைத்தார்கள். மதகு வேலையைப் பதிலிதான் செய்யும். குவியலை நகர்மன்றத்தில் ஓர் ஆசனத்தில் வைத்தார்கள். காலையில் பதிலி போய் அதைக் கும்பிட்டு, ஐயா, வேலைக்குக் கிளம்புகிறேன் என்று சொல்ல வேண்டும். தன் பொன்னாடையைத் தானே கும்பிடுகிற கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

குவியல் மிகச் சிறந்த அதிகாரி என்று பெயர் எடுத்தது. முயல் வந்து, என் வளைக்குப் பக்கத்தில் இன்னொரு வளை தோண்டிக்கொள்ளட்டுமா ஐயா என்று கேட்டது. குவியல் பேசாமல் இருந்தது. மௌனம் சம்மதம் என்று முயல் தோண்டிக்கொண்டது. அந்த வளையை மூட உத்தரவு கேட்டுக் கீரி வந்தது. அதற்கும் குவியல் பேசாமல் இருந்தது. கீரி போய் மூடிவிட்டது. இரண்டு பேரும் ஐயா நியாயஸ்தர் என்றார்கள்.

முட்டைகள் பொரிந்தன. பூங்காவனம் குஞ்சுகளைக் குளத்துக்குக் கூட்டி வந்தது. பொத்தான் பொத்தானாகக் குட்டி ஆமைகள். சிங்காரம் ஆசையோடு ஊர்ந்து வந்தது. ஆனால் ஊர்ப்பறவைகள் முந்திக்கொண்டன. சிங்காரம் ஐயா வீட்டுப் பிள்ளைகளா, வாருங்கள் வாருங்கள் என்று அழைத்துப்போய்க் குவியலின் முன்னால் நிறுத்தின. இவர்தான் உங்கள் அப்பா, கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்றன. குட்டிகள் கும்பிட்டன. அப்பா எவ்வளவு பெரியவர், எப்படி மின்னுகிறார் என்று அவற்றுக்குப் பெருமை பிடிபடவில்லை. பூங்காவனம் தலைப்பாடாக அடித்துக்கொண்டது. ஊரே ஒன்று சொல்லும்போது அம்மா சொல் எடுபடுமா?

"நான்தான்டா உங்கப்பா" என்று சிங்காரம் சொல்லிப் பார்த்தது.

இருப்பதிலேயே பொடிசாக இருந்த குட்டி அதை மேலும் கீழும் பார்த்தது. "அப்பாவை மரத்துல கொத்தியிருக்காங்க. உங்களை எங்க கொத்தியிருக்காங்க?"

சிங்காரம் மதகுக்குப் போய் ஆகாயத்தாமரையைக் கடித்தது. எதற்கு ஆசைப்பட்டோமோ அது வந்து, இருந்ததையும் பிடுங்கிக்கொண்டு போயிற்றே என்று நினைத்து நினைத்து அழுதது. தண்ணீருக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்?

இதற்கிடையில் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. சிங்காரம் ஐயா அதிர்ந்து பேசுவதில்லை, எதையும் கேட்பதில்லை, யாரையும் பகைப்பதில்லை, இவரையே அடுத்த தலைவராக்கினால் என்ன என்று பேசிக்கொண்டார்கள். இது உடும்பின் காதில் விழுந்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தது அதற்குத்தான். இருந்தும் அதற்குத் தூக்கம் வரவில்லை. காற்று அடைத்த குவியல் தன் நாற்காலிக்கு உலை வைக்கிறதே! உடனே ஓர் உத்தரவு போட்டது. மதகுக் கண்காணிப்பாளர் மதகில் இருப்பதுதான் முறை, இனி அவர் ஆசனம் மதகின் மேல் என்றது.

மேளதாளத்தோடு குவியலைத் தூக்கிப்போய் மதகின் உதட்டில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் இழுக்கிற இடம், வேண்டாம் என்று சிங்காரம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னது. மேலதிகாரியைப் பற்றிப் பதிலி பேசக் கூடாது என்று கீரி அதட்டியது. சிங்காரம் கரை ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. குட்டிகள் அப்பாவைப் பார்க்க மதகுக்கே வர ஆரம்பித்திருந்தன.

கார்த்திகை மழை வந்தது. மதகருகே விளையாடிக்கொண்டிருந்த குட்டிகள் நனையாமல் இருக்க எங்கே ஓடும்? அப்பாவிடம்தான் ஓடின. குவியலுக்கு அடியில் புகுந்துகொண்டன. மழை கொட்டக் கொட்டக் கஞ்சி கரைந்தது. இத்தனை நாள் விறைத்து நின்ற குவியல் துவண்டது, சரிந்தது, குட்டிகளோடு மதகு வாய்க்குள் வழுக்கி விழுந்து அடைத்துக்கொண்டது.

கரையில் நின்ற வார்டு உறுப்பினர்கள் இதைப் பார்த்தார்கள். என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? கைதட்டினார்கள். கண்காணிப்பாளர் தானே இறங்கி வேலை செய்கிறார், இந்த மாதிரி அதிகாரி எந்தக் குளத்துக்குக் கிடைப்பார் என்று மெய்சிலிர்த்தார்கள். தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் சரசரவென்று ஏறியது. நாவல் மரத்தடிக்கு வந்தது, மேடையைத் தூக்கியது. உடும்பு நாற்காலியோடு மிதக்க ஆரம்பித்தது. அப்போதும் நாற்காலியை விடவில்லை.

சிங்காரம் கரையின் மறுகோடியிலிருந்து மதகுக்கு வந்தபோது அடைப்புக்குள்ளிருந்து மெல்லிய குரல் கேட்டது. அப்பா, அப்பா என்று குவியலைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தன குட்டிகள். சிங்காரம் அதையெல்லாம் நினைக்கவில்லை. தலைகுப்புறப் பாய்ந்து, வாயில் அகப்பட்ட பொன்னாடையைப் பிடித்து இழுத்தது. வராததைக் கடித்துக் கிழித்தது.

"ஐயோ, கிழிக்காதே! அது நான் போட்டது!" என்று கரையிலிருந்து பெருச்சாளி அலறியது.

சிங்காரம் அதைத்தான் முதலில் கிழித்தது. முயல் போட்டதைக் கிழித்தது, பன்றி போட்டதைக் கிழித்தது, கீரி போட்டதைக் கிழித்தது. ஒரு காலத்தில் எந்தச் சரிகை முதுகில் பட்டதும் உடம்பு சிலிர்த்ததோ, அந்த வைக்கோல் தாடையில் குத்தியது. கடைசியாகத் தலைவர் போட்ட பொன்னாடை. அதன் மடிப்புக்குள் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நடுங்கின. ஒவ்வொன்றாகக் கவ்வித் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு சிங்காரம் கரைக்கு நீந்தியது. பூங்காவனம் அழுதுகொண்டே வந்து எல்லாவற்றையும் தடவிப் பார்த்தது. ஒரு குட்டியும் குறையவில்லை.

பொடிசு சிங்காரத்தின் முதுகிலிருந்து இறங்கவில்லை. கிழிந்து மிதந்து போகிற பொன்னாடைகளைப் பார்த்தது.

"உள்ள போய் நல்லாத் தேடினோம். அப்பா உள்ள இல்லவே இல்ல" என்றது.

"இல்லடா கண்ணு. அப்பா எப்பவும் வெளியிலதான் இருந்தேன்."

பொடிசு சேறு படிந்த அந்த ஓட்டின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. சிங்காரம் அசையாமல் நின்றது. மரங்கொத்திக்காகக்கூட அது அப்படி அசையாமல் நின்றதில்லை.

அடைப்பு நீங்கியதும் தண்ணீர் வடிந்தது. மேடை சேற்றில் சாய்ந்தது. உடும்பு நாற்காலியோடு ஒரு புதரில் போய் மாட்டிக்கொண்டு, அங்கிருந்தபடியே நகர்மன்றத்தின் அவசரக் கூட்டத்தைத் தொடங்கியது. ஊரைக் காப்பாற்றிய இந்தப் பதிலிக்கு ஆளுக்கொரு பொன்னாடை போர்த்துவது என்று தீர்மானம் போட்டது. தூக்கணாங்குருவி கோரை அறுக்கக் கிளம்பியது. மரங்கொத்தி அலகைத் தீட்டியது. நான் அப்போதே சொன்னேனே, அவர்தான் என் மச்சான் என்று தாண்டவராயன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது.

சிங்காரம் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தது. "மழைக்காலத்துல என்னைக் கூப்பிடாதீங்க ஐயா. அது போதும்" என்றது. கீரி, குருவியின் கூட்டில் மிச்சமிருந்த ஒரு பொன்னாடையை விரித்துக்கொண்டு நெருங்கியது. சிங்காரம் தலையையும் கால்களையும் படக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. அதைப் பார்த்துக் குட்டிகளும் இழுத்துக்கொண்டன.

இன்றைக்கும் கையை நீட்டிக்கொண்டு யாராவது பக்கத்தில் போனால் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பயந்த பிராணி என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பயமெல்லாம் ஒன்றுமில்லை. வருகிறவர் கையில் பொன்னாடை இருக்குமோ என்ற சந்தேகம்தான்.

உழைப்பவரைப் பாராட்ட நினைத்தால் அவர் முகத்தைப் பார்த்துப் பாராட்டுங்கள். போர்வைக்கு மரியாதை செய்கிற ஊரில் வேலையும் நின்றுபோகும், வேலை செய்தவரும் தொலைந்துபோவார்.